ஒரு நகரத்தின் கழிவுநீர்க் கசடு 1.5 கி.மீ. ஆழத்தில் எரிவாயுவாக மாறுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் பரிசோதனை சொல்வது என்ன?

கழிவறையில் ஃப்ளஷ் பட்டனை அழுத்தியதும் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சுபோச்சு. ஆனால் நகரத்தின் வேலை அங்கேதான் ஆரம்பிக்குது. குழாய் வழியாகப் போகும் கழிவுநீரைச் சுத்திகரித்து, தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிடலாம். கடைசியில் மிஞ்சுகிற கசட்டை என்ன செய்வது?

உலகின் எல்லாப் பெருநகரங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண்டுபிடித்த பதில் கொஞ்சம் வித்தியாசமானது. கசட்டைக் கூழாக்கி, ஆழ்துளைக் கிணறு வழியாகச் சுமார் 5,000 அடி ஆழத்துக்கு, அதாவது ஒன்றரை கிலோமீட்டர் கீழே செலுத்துகிறது அந்த நகரம். பூமியின் சூட்டில் அது மட்கி, மீத்தேன் எரிவாயுவாக மாறும், பிறகு அதை எடுத்து மின்சாரம் தயாரிக்கலாம் என்பது திட்டம்.

இது எப்படி நடக்கிறது? இதனால் ஆபத்து உண்டா? இது உண்மையிலேயே 'பசுமை மின்சாரம்' தானா, இல்லை கழிவை மறைத்துவைக்க ஒரு புது வழியா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், கசடு என்றால் என்ன?

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் அதைத் தொட்டிகளில் தேக்கும்போது கனமான பொருட்கள் அடியில் படியும். மீதம் கரைந்திருக்கும் அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று, அவையும் பெருகி, கடைசியில் அடியில் படியும். இப்படிச் சேரும் சேறு போன்ற பொருள்தான் கசடு.

இதை அப்படியே வெளியே விட முடியாது. நாற்றம் ஒருபுறம், நோய்க்கிருமி மறுபுறம். அதனால் காற்றுப் புகாத பெரிய கலன்களில் சில வாரங்கள் வைத்து மட்க வைக்கிறார்கள். நம்ம ஊர் சாண எரிவாயுக் கலனில் நடக்கும் அதே வேலைதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். அப்போது மீத்தேன் கிடைக்கிறது. அதை எரித்து மின்சாரம் எடுப்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய தொழில்நுட்பம்.

சென்னையிலும் இது உண்டு. சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் 2005, 2006 வாக்கில் மொத்தம் நாளொன்றுக்கு 26.4 கோடி லிட்டர் கொள்ளளவில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்களில், கசட்டிலிருந்து கிடைக்கும் எரிவாயுவில் ஓடும் மின் இன்ஜின்கள் அமைக்கப்பட்டன.

ஆனால் கலனில் மட்கவைத்த பிறகும் கசடு முழுசாகக் காணாமல் போவதில்லை. பாதியளவு மிஞ்சும். பிரச்சினையே அந்த மிச்சம்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு என்ன பிரச்சினை?

லாஸ் ஏஞ்சல்ஸின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஹைப்பீரியன். கடற்கரையை ஒட்டி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 40 லட்சம் பேரின் கழிவுநீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி லிட்டர், இங்கே வந்து சேர்கிறது.

1957இலிருந்து 30 ஆண்டுகள் இந்த நகரம் கசட்டை என்ன செய்தது தெரியுமா? 7 மைல் நீளக் குழாய் போட்டு, நேராக சாண்டா மோனிகா விரிகுடாவில் கொட்டியது. கடலடியில் உயிரினங்கள் பாதிக்கப்பட்டன, மீன்கள் நோயுற்றன. பொதுமக்கள் அமைப்புகள் போராடின, மத்திய அரசு வழக்குப் போட்டது. 1987இல் கடலில் கசடு கொட்டுவது நின்றது.

கடல் வழி மூடியதும் நிலம்தான் பாக்கி. கசட்டை லாரியில் ஏற்றி, வயல்களில் எருவாகப் போடும் முறைக்கு நகரம் மாறியது. அமெரிக்காவில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. 1993இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் தேர்ந்தெடுத்த இடம், மலைகளைத் தாண்டி வடக்கே நூறு மைலுக்கு மேல் தொலைவில் இருக்கும் கெர்ன் கவுண்டி. பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்குப் பக்கத்தில் சுமார் 4,700 ஏக்கர் பண்ணையை 2000இல் நகரமே விலைக்கு வாங்கியது. 'கிரீன் ஏக்கர்ஸ்' என்று பெயர். அங்கே மாட்டுத் தீவனப் பயிர்கள் வளர்க்கப்பட்டன.

கெர்ன் மக்கள் ஏன் எதிர்த்தார்கள்?

கெர்ன் கவுண்டி விவசாய பூமி. பாதாம், திராட்சை, கேரட் என்று நாடு முழுக்க அனுப்பும் இடம். இன்னொரு நகரத்தின் மலக்கசடு தினமும் லாரி லாரியாக வந்து இறங்கினால், தங்கள் விளைபொருளின் பெயர் கெட்டுவிடும், நிலத்தடி நீர் பாழாகும் என்று அங்கிருந்தவர்கள் பயந்தார்கள். கசடு முறைப்படி பதப்படுத்தப்பட்டது, கிருமிகள் நீக்கப்பட்டது என்று நகரம் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை.

2006 ஜூன் மாதம் 'மெஷர் ஈ' என்ற பெயரில் வாக்கெடுப்பு நடந்தது. கவுண்டியின் எல்லைக்குள் கசட்டை நிலத்தில் போடுவதற்குத் தடை விதிக்க 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் சும்மா இருக்குமா? வழக்குப் போட்டது. மத்திய நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநில நீதிமன்றம், 2014இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் என்று வழக்கு பத்தாண்டுக்கு இழுத்தது. கடைசியில் 2016இல் விசாரணை நீதிமன்றம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சட்டத்தில் ஜெயித்தாலும், நகர நிர்வாகத்துக்கு ஒரு விஷயம் அதற்கு முன்பே புரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கெடுப்பில் தன் கசட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் போகலாம். வேறு வழி வேண்டும், அதுவும் சொந்த எல்லைக்குள்ளேயே வேண்டும்.

டெர்மினல் ஐலண்ட் திட்டம் என்ன?

லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதியில் இருக்கிறது டெர்மினல் ஐலண்ட். அங்கே 1935இலிருந்து இயங்கும் இன்னொரு சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதன் வளாகத்திலேயே கிணறு தோண்டி, கசட்டை ஆழத்தில் செலுத்தும் பரிசோதனைக்கு மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் அனுமதி தந்தது. 2008இல் செலுத்தும் வேலை தொடங்கியது. அமெரிக்காவில் இப்படியொரு முயற்சி அதுவே முதல்முறை.

நகரத்தோடு சேர்ந்து இதை நடத்தும் நிறுவனம் ஜியோஎன்விரான்மென்ட் டெக்னாலஜீஸ். தொழில்நுட்பம் வந்தது எண்ணெய்த் துறையிலிருந்து. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வெளிவரும் சேறு, மணல் கழிவைத் திரும்ப ஆழத்துக்கே அனுப்பும் முறை அங்கே ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதே முறையில் கழிவுநீர்க் கசட்டை அனுப்பினால் என்ன என்பதுதான் யோசனை.

எப்படி வேலை செய்கிறது?

படிப்படியாகப் பார்த்தால்:

1. ஹைப்பீரியனில் இருந்து கசடு லாரியில் டெர்மினல் ஐலண்டுக்கு வருகிறது. அந்த வளாகத்திலேயே உருவாகும் கசடும் சேர்கிறது.

2. சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரையும், அங்கே கிடைக்கும் உப்புக் கழிவுநீரையும் கலந்து, கசட்டைப் பம்ப் செய்யும் பதத்தில் கூழாக்குகிறார்கள்.

3. அந்தக் கூழை அழுத்தத்தோடு கிணற்றுக்குள் அனுப்புகிறார்கள். அழுத்தத்தில் ஆழத்து மணற்பாறையில் சிறு விரிசல்கள் திறக்கும். கூழ் அதற்குள் புகும்.

4. பிறகு பம்பை நிறுத்தி இடைவெளி விடுகிறார்கள். தண்ணீர் பாறைக்குள் கசிய, அழுத்தம் இறங்கும், விரிசல் மூடிக்கொள்ளும். திடக்கழிவு உள்ளேயே நசுங்கித் தங்கிவிடும். அடுத்த சுற்று மறுபடி தொடங்கும்.

5. பக்கத்தில் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. ஆழத்தில் அழுத்தம், வெப்பம் எப்படி மாறுகிறது என்பதை அவை காட்டும்.

மேலே வராமல் தடுப்பது எது? மணற்பாறைக்கு மேலே கெட்டியான களிப்பாறை அடுக்குகள் இருக்கின்றன. மணற்பாறை ஸ்பாஞ்ச் மாதிரி என்றால், களிப்பாறை அதன் மேல் போட்ட மூடி மாதிரி. கலிஃபோர்னியாவில் எண்ணெயும் எரிவாயுவும் லட்சக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் தங்கியிருந்ததற்கும் இதே மாதிரி மூடிதான் காரணம்.

எரிவாயு எங்கிருந்து வரும்?

பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடும். அந்தக் கணக்கில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் 50, 60 டிகிரியைத் தொடும்.

மேலே சுத்திகரிப்பு நிலையக் கலன்களில் கசட்டை வேகமாக மட்கவைக்க 55 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டியிருக்கிறது. அதற்குத் தனியாக எரிபொருள் செலவாகும். பூமிக்குள் அந்தச் சூடு இலவசம். காற்றும் இல்லை, சூடும் இருக்கிறது. மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மட்கும்போது இரண்டு வாயுக்கள் வரும். ஒன்று மீத்தேன், இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு. இங்கேதான் இந்தத் திட்டத்தின் சுவாரசியமான பகுதி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் எளிதாகக் கரையும். சோடா பாட்டிலில் இருப்பது அதுதான். மீத்தேன் அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதனால் கார்பன் டை ஆக்சைடு ஆழத்து உப்புநீரில் கரைந்து அங்கேயே தங்கும், மீத்தேன் பிரிந்து மேல்நோக்கி நகர்ந்து மூடிப்பாறைக்குக் கீழே சேரும் என்று எதிர்பார்க்கிறார்கள். மேலே கலனில் கிடைக்கும் எரிவாயுவில் இந்த இரண்டையும் பிரிக்கத் தனி இயந்திரம் தேவை. பூமிக்குள் அந்த வேலையைப் பாறையும் தண்ணீருமே செய்துவிடும் என்பதுதான் கணக்கு.

காலநிலைக்கு இதில் என்ன லாபம்?

லாபம் மூன்று வகை.

முதலாவது, லாரி. நூறு மைலுக்கு மேல் மலையேறிப் போக வேண்டிய லாரி, நகரத்துக்குள்ளேயே துறைமுகம் வரை போனால் போதும். டீசல் செலவும் புகையும் குறையும்.

இரண்டாவது, மீத்தேன். குப்பைக் கிடங்கில் கசட்டைக் கொட்டினாலும் அது மட்கும், மீத்தேன் வரும். ஆனால் அதில் ஒரு பங்கு காற்றில் கலந்துவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் அளவு, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கும் மேல். அது பாறைக்குள் அடைபட்டிருப்பது நல்லதுதானே?

மூன்றாவது, கார்பன். கசட்டில் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி திரும்பக் காற்றுக்கு வராமல் ஆழத்திலேயே தங்கிவிடும்.

இதோடு கலிஃபோர்னியாவின் சட்ட நெருக்கடியும் சேர்கிறது. மட்கும் கழிவுகள் குப்பைக் கிடங்குக்குப் போவதை 2025க்குள் 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2016இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. கழிவுநீர்க் கசடும் இதில் வரும்.

ஆபத்து என்ன?

முதல் கேள்வி, குடிநீர். ஆழத்துக்கு அனுப்பும் கூழ் மேலே கசிந்து நிலத்தடி நீரில் கலந்தால்? அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கீழ்தான் இந்தக் கிணற்றுக்கு அனுமதி தரப்பட்டது. குடிநீர் அடுக்குகளுக்கு மிகவும் கீழே, பல பாறை மூடிகளுக்கு அடியில் செலுத்த வேண்டும், அழுத்தம் வரம்பைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பவை இத்தகைய அனுமதியின் அடிப்படை. அது பரிசோதனைத் தொழில்நுட்பத்துக்கான அனுமதி என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, நிலநடுக்கம். ஆழத்தில் அழுத்தம் கொடுத்தால் பூமி அசையுமா? இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்த் துறையின் கழிவுநீரைப் பெருமளவில் ஆழத்தில் செலுத்தியதால் நிலநடுக்கங்கள் பல மடங்கு கூடின. 2016இல் பானி என்ற ஊருக்கு அருகே 5.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதி வழியாகவே பாலோஸ் வெர்டிஸ் என்ற நிலப்பிளவு போகிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஓக்லஹோமாவில் ஏராளமான கிணறுகள், அடித்தளப் பாறைக்கு மிக அருகில், நிற்காமல் தண்ணீரைக் கொட்டின. டெர்மினல் ஐலண்டில் ஒரே வளாகம், இடைவெளி விட்டு விட்டு, மென்மையான மணற்பாறையில் செலுத்துகிறார்கள். ஆபத்து குறைவு என்று சொல்லலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அளவைக் கூட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கண்காணிப்பு முக்கியமாகிறது.

அந்தத் தீவுக்கு ஒரு பழைய பாடமும் உண்டு. 1932இல் அந்தப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட வில்மிங்டன் எண்ணெய் வயலில் கண்மூடித்தனமாக எண்ணெய் உறிஞ்சியதால், நிலம் சில இடங்களில் 29 அடி வரை இறங்கியது. கப்பல் கட்டும் தளம், சாலைகள், குழாய்கள் எல்லாம் பாதிக்கப்பட்டன. 1950களின் இறுதியில் ஆழத்துக்குத் தண்ணீர் செலுத்தத் தொடங்கிய பிறகுதான் நிலம் இறங்குவது கட்டுக்குள் வந்தது. எடுத்தாலும் சரி, கொடுத்தாலும் சரி, பூமி பதில் சொல்லும் என்பதை அந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி, திரும்பப் பெற முடியாதது. வயலில் போட்ட கசட்டை மண் பரிசோதனை செய்யலாம், போடுவதை நிறுத்தலாம். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் நசுங்கியதை வெளியே எடுக்க வழியில்லை.

'மீத்தேன் திட்டம்' என்றதும் டெல்டா ஞாபகம் வருதா?

தமிழ்நாட்டில் மீத்தேன் என்ற சொல்லே ஒரு போராட்டத்தின் பெயர். காவிரி டெல்டாவில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டமும் வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் திட்டம் அதுவல்ல. அங்கே நிலக்கரிப் படுகையிலிருந்து நிலத்தடி நீரை வெளியேற்றி, ஏற்கெனவே இருக்கும் வாயுவை எடுப்பது திட்டம். இங்கே மனிதக் கழிவை உள்ளே அனுப்பி, புதிதாக வாயுவை உருவாக்குவது திட்டம். ஆனால் இரண்டு இடத்திலும் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீருக்கு யார் உத்தரவாதம்?

அப்போ, மின்சாரம் வந்துடுச்சா?

இந்த இடத்தில்தான் தலைப்புச் செய்திக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது.

திட்டத்தின் பெயரிலேயே 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' இருக்கிறது. ஆனால் அதில் உண்மையில் இரண்டு திட்டங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, கசட்டைப் பாதுகாப்பாக ஆழத்தில் அடக்கம் செய்வது. இன்னொன்று, அதிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிப்பது.

முதல் பாதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு பெருநகரம் தன் கசட்டின் ஒரு பகுதியைத் தன் எல்லைக்குள்ளேயே ஆழத்தில் செலுத்த முடியும் என்பது 2008க்குப் பிறகான அனுபவம். இரண்டாம் பாதிக்குப் பொறுமை வேண்டும். பாறைக்குள் மட்குவது, வாயு பிரிவது, ஓர் இடத்தில் திரள்வது எல்லாம் மெதுவான வேலைகள். போதுமான அளவு சேர்ந்த பிறகே கிணறு வழியாக எடுப்பது லாபம் தரும். கலனில் மட்கவைத்த கசட்டையே அனுப்புவதால், அதன் சக்தியில் ஒரு பங்கை மேலேயே எடுத்தாகிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஹைப்பீரியன் நிலையமே இதற்கு நல்ல உதாரணம். அங்கே மின்சாரத்துக்குப் பயன்படுவது தரைக்கு மேலே இருக்கும் கலன்களின் எரிவாயுதான். முன்பு அது பக்கத்திலிருக்கும் ஸ்கேட்டர்குட் மின் நிலையத்துக்குக் குழாயில் போனது. பின்னர் நிலையத்துக்குள்ளேயே மின்சாரம் தயாரிக்கும் வசதி வந்தது.

ஆகவே இன்றைய நிலையில் இதை மின் நிலையம் என்பதைவிட, கசட்டை அடக்கும் முறை, கூடவே எரிவாயு கிடைக்கும் வாய்ப்புள்ள முறை என்று சொல்வதே சரி.

இப்போது ஏன் இது முக்கியம்?

வயலில் கசடு போடுவதைப் பற்றிய பயம் இப்போது கெர்ன் கவுண்டியோடு நிற்கவில்லை. ஒட்டாத பாத்திரம், தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை போன்றவற்றில் இருக்கும், எளிதில் அழியாத 'நிரந்தர ரசாயனங்கள்' கழிவுநீரில் கலந்து கசட்டில் சேர்வது தெரியவந்திருக்கிறது. சூடேற்றினால் கிருமி சாகும், இந்த ரசாயனம் சாகாது. வயலுக்குப் போனால் மண், புல், பால் என்று தொடரும்.

மெய்ன் மாநிலம் 2022இல் வயலில் கசடு போடுவதற்கே தடை போட்டது. 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், இந்த ரசாயனங்களில் இரண்டால் கசடு வழியாக வரும் ஆபத்து பற்றி வரைவு மதிப்பீடு வெளியிட்டது.

அப்போ கடலிலும் கொட்டக் கூடாது, வயலிலும் போடக் கூடாது, குப்பைக் கிடங்கிலும் இடமில்லை. எரித்தால் புகை. மிச்சம் இருப்பது பூமிக்கு அடி. கசட்டில் இருக்கும் ரசாயனத்தை உணவுச் சங்கிலியிலிருந்து விலக்கி வைக்க ஆழம் உதவும் என்பது இந்த முறைக்கு இப்போது கிடைத்திருக்கும் புதிய வாதம். 2006இல் அனுமதி வாங்கியபோது இந்த வாதம் இவ்வளவு பெரிதாக இல்லை.

எல்லா ஊரும் இதைச் செய்யலாமா?

முடியாது. தேவையான நிபந்தனைகள் நிறைய. ஆழத்தில் மென்மையான மணற்பாறை வேண்டும், அதற்கு மேல் கெட்டியான மூடிப்பாறை வேண்டும், அந்த அமைப்பு பற்றிப் பல ஆண்டு ஆய்வுத் தகவல் கையில் இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நூறாண்டு எண்ணெய்த் தொழில் அந்த வரைபடத்தை ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தது. கடினப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்களுக்கு இது பொருந்தாது.

அதற்கும் முன்னால், கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். ஆற்றிலும் ஏரியிலும் கலந்துகொண்டிருக்கும் ஊரில், பூமிக்கு அடியில் எரிவாயு தேடுவது அடுத்த கட்டப் பேச்சு.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதையில் முக்கியமான திருப்பம், தன் கழிவை இன்னொரு ஊர் தலையில் இறக்கிவைக்க முடியாது என்று ஒரு பெருநகரம் உணர்ந்த இடம்தான். முதலில் கடல், பிறகு கெர்ன் விவசாயிகள், இப்போது தன் காலடி. கீழே எரிவாயு திரண்டு மேலே விளக்கு எரிந்தால் அது இரட்டை லாபம். எரியாவிட்டாலும், அந்தக் கசடு யாருடைய வயலிலும் இல்லை என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு நிலைத்து நிற்குமா என்பதை, ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறை இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொல்லும்.